எலிக்குச் செலவழித்த காசு

"ஈரோட்டு நோயாளி படுக்கைக்குக் காத்திருக்கும்போது, ஆய்வுக்கூடத்தில் எலி வளர்க்க அரசுப் பணமா?" என்று கேட்கிறார்கள். கைதட்டல் வாங்கும் கேள்விதான். அந்தப் படுக்கையில் ஏற்றப்படும் மருந்து எங்கிருந்து வந்தது என்று மட்டும் அவர்கள் கேட்பதில்லை.

2023இல் தமிழக அரசு நான்கு மாவட்டங்களில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. ஈரோடும் அதில் ஒன்று. நல்ல காரியம். ஆனால் பரிசோதனை நோயைக் காட்டும், தீர்க்காது. அதே ஆண்டு அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையை ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மையமும் உருவாக்கின. மனிதருக்குத் தரும் முன் எலிகளில்தான் சோதித்தார்கள். அமெரிக்க விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு அது கிடைப்பது உள்நாட்டு ஆய்வின் பலன்.

"எலியில் பலித்தது மனிதரிடம் பலிக்காது" என்பது அடுத்த வாதம். பல நேரம் உண்மைதான். அதனால்தான் மனிதக் கட்டியில் பழுதாகும் அதே மரபணுவை எலியில் முடக்கி ஆராய்கிறார்கள். அந்த நுட்பத்துக்கு 2007இல் நோபல் கிடைத்தது. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் அலிசன் 1990களில் எலியில் காட்டிய புற்றுநோய்ச் சிகிச்சை வழி, 2011இல் மனிதருக்கான மருந்தாக வந்தது.

விதை மஞ்சளையும் வேகவைத்து விற்றால் இந்த ஆண்டு காசு பார்க்கலாம். அடுத்த போகத்துக்கு என்ன நடுவது?

படுக்கை கேளுங்கள், கணக்கும் கேளுங்கள். ஆய்வுப் பணத்தைப் பிடுங்கித்தான் படுக்கை போட வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.