இரண்டு நிறைகற்கள்



2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை. மும்பையிலுள்ள எங்கள் சபையில் உபவாச ஜெபம் முடிந்து விசுவாசிகள் கலைந்துகொண்டிருந்தபோது, வயது முதிர்ந்த ஒரு தாயார் என்னிடம் வந்து இரண்டு ஜெப விண்ணப்பச் சீட்டுகளைக் கொடுத்தார்கள். "பாஸ்டர் ஐயா, இது மகன் சொன்னது, இது மகள் சொன்னது. இரண்டையும் எப்படி ஆண்டவருடைய பாதத்தில் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஒரு சீட்டில், அமெரிக்கத் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் வெற்றிபெற வேண்டும் என்று எழுதியிருந்தது. மற்றதில், கமலா ஹாரிஸ் வெற்றிபெற வேண்டும் என்று எழுதியிருந்தது.

அந்தப் பிள்ளைகள் இருவரையும் சிறுவயது முதல் நான் அறிவேன். எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் ஒரே பாயில் அமர்ந்து ஒரே மனப்பாட வசனங்களை ஒப்புவித்தவர்கள். ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். மகன் கணினிப் பொறியாளராக டெக்சாஸ் மாநிலத்தில் குடியேறினார். வெள்ளையர் மிகுதியாகக் கூடும் ஒரு பெரிய பெந்தெகொஸ்தே சபைக்குச் செல்கிறார். மகள் செவிலியராக நியூஜெர்சி மாநிலத்தில் பணிபுரிகிறார். அவர் ஆராதிக்கும் பெந்தெகொஸ்தே சபையிலோ கறுப்பின விசுவாசிகளே அதிகம். இருவரும் அந்நாட்டின் குடியுரிமை பெற்றவர்கள். 2020-ஆம் ஆண்டுத் தேர்தல் முதற்கொண்டு அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. அந்தத் தாயாரின் உண்மையான பாரம் எந்தச் சீட்டிலும் எழுதப்படவில்லை.

ஒரே வேதத்தை வாசித்து, ஒரே ஆவியினால் நிரப்பப்பட்ட இருவர் எப்படி எதிரெதிரான முகாம்களில் நிற்கிறார்கள்? இக்கேள்வி பல நாட்கள் என்னை விடவில்லை.

ஒரே அக்கினி, இரண்டு முகாம்கள்

இது அந்த ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. 1906-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசூசா தெருவில் எழுப்புதல் பற்றியெரிந்தபோது, அதை நடத்தியவர் அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் என்னும் கறுப்பின ஊழியர். தென் மாநிலங்களில் சட்டமே மனிதரை நிறத்தால் பிரித்துவைத்த அந்நாட்களில், அங்கே கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிகோ நாட்டவரும் ஒன்றாக முழங்காற்படியிட்டார்கள். ஆனால் அந்த ஐக்கியம் நீடிக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் சபைகள் பெரும்பாலும் நிறத்தின்படியே பிரிந்தன. 1948-இல் உருவான பெந்தெகொஸ்தே சபைகளின் கூட்டமைப்பு வெள்ளையர் சபைகளை மட்டுமே கொண்டிருந்தது. 1994-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் மெம்பிஸ் நகரில் அந்த அமைப்பைக் கலைத்துவிட்டு, இரு நிறத்தாரும் சேர்ந்த புதிய ஐக்கியத்தை ஏற்படுத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு வெள்ளையர் போதகர், ஒரு கறுப்பின பேராயரின் பாதங்களைக் கழுவி மன்னிப்புக் கேட்டார்.

பாதங்கள் கழுவப்பட்டன; வாக்குகளோ பிரிந்தே இருக்கின்றன. வாக்களித்து வெளியே வருவோரிடம் எடுக்கப்படும் கணிப்புகளின்படி, மறுபடியும் பிறந்த அனுபவத்தை அறிக்கையிடும் வெள்ளையரில் 2016-இல் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தார்கள். 2004 முதல் 2024 வரை நடந்த ஆறு அதிபர் தேர்தல்களிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர், அல்லது அதற்கும் மேற்பட்டோர் அப்படியே செய்தார்கள். கறுப்பின புராட்டஸ்டண்டு விசுவாசிகளில் பத்தில் எட்டு அல்லது ஒன்பது பேர் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்து வருகிறார்கள்.

வாக்கு எங்கே பிறக்கிறது?

ஒவ்வொருவரும் தனித்திருந்து, ஆராய்ந்து, மனச்சாட்சியின்படி வாக்களிக்கிறார்கள் என்றே நாம் நினைக்கிறோம். 1940-ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தின் ஈரி என்னும் மாவட்டத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற அறிஞரும் அவரது குழுவினரும் ஒரே மக்களை மே முதல் நவம்பர் வரை மீண்டும் மீண்டும் சந்தித்துக் கேட்டார்கள். பிரசாரத்தைக் கேட்டுக் கட்சி மாறியவர்கள் மிகச் சிலரே. குடும்பம், சபை, அண்டை அயலார், தொழில் ஆகியவை முன்னமே வரைந்துவைத்த பாதையில்தான் பெரும்பாலோர் நடந்தார்கள். பின்பு 1960-இல் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞர்களின் ஆய்வும், கட்சிப் பற்று பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் சுதந்தரமாய் வருவதைக் காட்டியது.

ஆகவே அந்தத் தங்கையின் சபையார் வாக்குச் சீட்டை எப்படிப் பார்ப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை, தென் மாநிலங்களில் அவர்களுடைய பாட்டன்மார் பலர் வாக்களிக்க முடியாதபடி தடுக்கப்பட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங் தமது கடைசி உரையை 1968 ஏப்ரல் 3-இல் ஆற்றியது மெம்பிஸ் நகரில் ஒரு கறுப்பினப் பெந்தெகொஸ்தே சபையின் தலைமை ஆலயத்திலேயே. மறுநாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்களுக்கு வாக்குச் சீட்டு என்பது இரத்தம் சிந்தி வாங்கிய உரிமை.

அண்ணனுடைய சபையாருக்கும் ஒரு நினைவு உண்டு. 1962-இல் உச்சநீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் அரசு ஏற்படுத்திய ஜெபத்தைச் செல்லாது என்றது. 1973-இல் கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கியது. தங்கள் கண்முன்னே தங்கள் தேசம் தேவனைவிட்டு விலகுவதாக அவர்கள் கலங்கினார்கள். 1976-இல் மறுபடியும் பிறந்தவன் என்று வெளிப்படையாய் அறிக்கையிட்ட ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டரை அவர்களில் அநேகர் ஆதரித்தார்கள். 1979-இல் ஜெரி ஃபால்வெல் என்ற பாப்திஸ்து போதகர் அரசியல் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். 1980-இல் அவர்களுள் பெரும்பான்மையோர், அதே கார்ட்டரை விட்டு, மணமுறிவு பெற்று மறுமணம் செய்திருந்த ரொனால்ட் ரீகன் பக்கம் சாய்ந்தார்கள்.

இரு சபைகளுக்கும் காயம் உண்டு, காரணமும் உண்டு. ஒருவர் மற்றவரின் காயத்தை அறியாமலிருப்பதே துயரம்.

மாறிய தராசு

இதுவரை சொன்னது பலவீனம் மட்டுமே. இனிச் சொல்வது நம்மை நடுங்கச் செய்ய வேண்டியது.

1998-ஆம் ஆண்டு அதிபர் பில் கிளிண்டனின் ஒழுக்கக்கேடு வெளிப்பட்டபோது, அந்நாட்டின் மிகப் பெரிய புராட்டஸ்டண்டு அமைப்பான தென்னிந்தியருக்கும் பெயர் தெரிந்த சதர்ன் பாப்திஸ்து சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆட்சியாளரின் தனிப்பட்ட ஒழுக்கம் முக்கியமானது, அதை மக்கள் சகித்துக்கொண்டால் தேசத்தின் மனச்சாட்சி மரத்துப்போகும் என்பது அதன் சாரம். நல்ல தீர்மானம்! 2011-இல் பி.ஆர்.ஆர்.ஐ. என்னும் ஆய்வு நிறுவனம் ஒரு கேள்வி கேட்டது: தனிவாழ்வில் ஒழுக்கம் தவறியவர் பொதுவாழ்வில் நேர்மையாய்க் கடமையாற்ற முடியுமா? வெள்ளையர் சுவிசேஷ விசுவாசிகளில் 30 சதவீதத்தினரே "முடியும்" என்றார்கள். 2016 அக்டோபரில் அதே கேள்விக்கு 72 சதவீதத்தினர் "முடியும்" என்றார்கள்.

ஐந்தே ஆண்டுகள்! இடையில் வேதாகமத்தின் ஒரு எழுத்தும் மாறவில்லை. மாறியது வேட்பாளர்.

மறுபக்கத்தார் இதைக் கண்டு நகைக்கவேண்டாம். 1998-இல் "தனிவாழ்வு அவரவர் சொந்த விஷயம்" என்று கிளிண்டனுக்காக வாதாடியவர்களில் பலர், 2016-இல் ஒழுக்கமே முதன்மையானது என்று முழங்கினார்கள். பொருளாதாரத்திலும் இதே நிலைதான். 2016 நவம்பரில் தேர்தல் முடிவு வெளியான சில நாட்களில், புதிய அதிபர் பதவியேற்கும் முன்னரே, குடியரசுக் கட்சியாருக்கு நாட்டின் பொருளாதாரம் நன்றாயிருப்பதாகத் தோன்றத் தொடங்கிற்று. ஜனநாயகக் கட்சியாருக்கு நம்பிக்கை குறைந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து இது தலைகீழாயிற்று. ஒரே சந்தை, ஒரே விலைவாசி. கண்ணாடி மட்டும் வேறு.

நாம் வாழும் இந்த மாநகரத்தின் சந்தைகளில், வாங்க ஒரு நிறைகல்லும் விற்க வேறொரு நிறைகல்லும் வைத்திருந்த வியாபாரியைக் குறித்து அறிந்திருப்போம். நீதிமொழிகளின் புத்தகம் அப்படிப்பட்ட தராசைக் கர்த்தர் அருவருக்கிறார் என்று மீண்டும் மீண்டும் எச்சரிக்கிறது. எதிரியின் பாவத்தை நிறுக்க ஒரு கல், நம்மவரின் பாவத்தை நிறுக்க இன்னொரு கல் என்றால், அதுவும் கள்ளத்தராசே. தாவீதின் அரண்மனையில் அவனுக்கு வேண்டியவனாயிருந்த நாத்தான், தாவீதுக்கென்று தனிக்கல் வைத்திருக்கவில்லை. அதனால்தான் அவன் தீர்க்கதரிசி.

அவசரத் தீர்ப்பு வேண்டாம்

எனினும் வாக்காளரை மந்தையாக எண்ணிவிடலாகாது. வேட்பாளரின் ஒழுக்கத்தை விரும்பாதபோதும், பிறவாத குழந்தைகளுக்காகவும் உச்சநீதிமன்ற நீதிபதிகளின் நியமனத்திற்காகவும் 2016-இல் டிரம்புக்கு வாக்களித்தோம் என்று சொல்லும் விசுவாசிகள் அநேகர். அவர் நியமித்த மூன்று நீதிபதிகளும் இடம்பெற்ற நீதிமன்றமே 2022 ஜூன் மாதத்தில் 1973-இன் தீர்ப்பை நீக்கியது. அவர்கள் கணக்கிட்டே வாக்களித்தார்கள். ஆனால் கணக்கிட்டு ஒருவரை ஆதரிப்பது வேறு. ஆதரித்துவிட்டோம் என்பதற்காக அவருடைய பாவத்தைப் பாவமல்ல என்பது வேறு. முன்னதில் மனச்சாட்சி உயிரோடிருக்கிறது. பின்னதில் அது விற்கப்பட்டுவிடுகிறது.

2024 நவம்பரில் மிசௌரி மாநிலத்தில் நடந்ததையும் கவனியுங்கள். அங்கே டிரம்புக்குச் சுமார் 58 சதவீத வாக்குகள் கிடைத்தன. அதே நாளில், அதே வாக்குச் சீட்டில், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கும் திருத்தத்திற்கும் சுமார் 52 சதவீதத்தினர் சம்மதித்தார்கள். மனித இருதயம் கட்சிகள் வரைந்த கோட்டிற்குள் அடங்குவதில்லை.

வீட்டிற்குள் நுழைந்த பிரிவு

1960-இல் அமெரிக்கரிடம், உங்கள் பிள்ளை எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரை மணந்தால் வருந்துவீர்களா என்று கேட்டபோது, நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் ஆம் என்றார்கள். 2010-இல் குடியரசுக் கட்சியாரில் ஏறத்தாழ பாதிப்பேரும், ஜனநாயகக் கட்சியாரில் மூன்றில் ஒரு பங்கினரும் வருந்துவோம் என்றார்கள். கொள்கை வேறுபாடு வெறுப்பாக முற்றி, திருமணத்திற்கும் உணவு மேசைக்கும் வந்துவிட்டது. நம் தாயாரின் வீட்டிற்கும் அதுதான் வந்தது.

நம் ஆண்டவரோ வரி வசூலித்த மத்தேயுவையும், செலோத்தே என்று அழைக்கப்பட்ட சீமோனையும் பன்னிருவருக்குள் ஒன்றாகவே தெரிந்துகொண்டார். ஒரே அப்பத்தைப் பிட்டு இருவருக்கும் கொடுத்தார்.

அருமையான தேவபிள்ளைகளே, எந்த நாட்டில் வாக்களித்தாலும் மூன்று கேள்விகளை முழங்காலில் நின்று கேளுங்கள். இதே காரியத்தை மறுபக்கத்தார் செய்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? என் கருத்து வேதத்திலிருந்து வந்ததா, என்னைச் சூழ இருப்பவர்களிடமிருந்து வந்ததா? மாறாக வாக்களிக்கும் சகோதரனின் காயத்தை நான் கேட்டிருக்கிறேனா?

அந்த இரண்டு சீட்டுகளையும் நான் என்ன செய்தேன்? இரண்டையும் வேதாகமத்திற்குள் ஒன்றாக வைத்து, எழுதப்படாத மூன்றாவது விண்ணப்பத்திற்காக ஜெபித்தேன். தேர்தல் முடிந்தது, டிரம்ப் வென்றார். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளில் அந்தத் தாயார் இரு பிள்ளைகளையும் ஒரே தொலைபேசி அழைப்பில் சேர்த்து, "இன்றைக்கு அரசியல் வேண்டாம், ஆளுக்கொரு மனப்பாட வசனம் சொல்லுங்கள்" என்றார்களாம். அண்ணன் பாதியில் மறந்துபோக, தங்கை எடுத்துக்கொடுத்தாராம். முழுச் சமாதானம் இன்னும் வரவில்லை. தொடர்ந்து ஜெபிக்கிறோம். நீங்களும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

சமாதானத்தின் தேவன் தாமே உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.