சிங்கம் மறுமுறை உறுமினால் குற்றமா?

கலை என்றால் கண்ணீர் வடிக்கச் செய்ய வேண்டும், அன்றேல் கொட்டாவி விடச் செய்ய வேண்டும் என்று எண்ணும் ஒரு சாரார் நம்மிடையே உளர். 2013 யூலை 5ஆந் திகதி வெளியான ‘சிங்கம் 2’ படத்தின் பெயரைக் கேட்டாலே இவர்கள் இன்றும் முகஞ் சுளிக்கின்றனர். பழைய கதையையே மீண்டும் விற்றுவிட்டார்களாம். இரைச்சல் காதைப் பிளக்கின்றதாம். தனியொருவன் பத்துப் பேரைப் பந்தாடுவது பகுத்தறிவுக்கு ஒவ்வாதாம். இவையே இவர்தம் குற்றப்பத்திரிகை.

ஹரி இயக்கத்தில் சூர்யா நடித்த முதற் படம் 2010இல் வந்தது. மறு ஆண்டே இந்தியிலும் கன்னடத்திலும் அது மறுபிறவி எடுத்தது. வெளியில் வேலையைத் துறந்தவனாகவும் உள்ளே இரகசியப் பணி ஏற்றவனாகவும் துரைசிங்கத்தைக் காட்டியே அப்படம் முடிந்தது. ஆதலின் இரண்டாம் படம் மக்களுக்குப் பட்ட கடன். அதில் அவன் தூத்துக்குடிப் பாடசாலையொன்றில் மாணவர் படைப் பயிற்சியாளனாக இருந்துகொண்டு கடத்தற்காரரை வேவு பார்க்கின்றான். தருணம் வந்ததும் சீருடை அணிந்து, தென்னாபிரிக்கா வரை துரத்திச் செல்கின்றான். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தவனைப் பார்த்து, ஏன் கொடுத்தாய் என்று கேட்பாரும் உண்டோ?

முடிவு தெரிந்த கதையை மறுபடி பார்ப்பது பாமரத்தனம் என்போர் ஒருமுறை வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் செல்லட்டும். அங்கு ஆடப்பெறும் வடமோடிக் கூத்துகளின் பெயர்கள் என்ன? பதின்மூன்றாம் போர், பதினான்காம் போர், பதினெட்டாம் போர்! இலக்கமிட்டுத் தொடர் படைக்கும் வித்தையைச் சென்னைக்காரரிடமா நாம் கற்றோம்? பதின்மூன்றாம் நாள் அபிமன்யு மடிவான் என்பதையும், மறுநாள் சயத்திரதன் தலை உருளும் என்பதையும் அறியாமலா நம் கமக்காரர் களரியைச் சுற்றிப் பாய் விரித்து விடியவிடிய விழித்திருந்தனர்? என்ன நடக்கும் என்பதன்று அவர்தம் வினா. எப்படி ஆடுகின்றான், எப்படிப் பாடுகின்றான், அண்ணாவியாரின் மத்தளத்துக்குக் கால் சரியாக விழுகின்றதா என்பதே. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் இக்கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றிய பின்னரே படித்தவர் பலர் அதனைக் கலையென ஒப்புக்கொண்டனர். அதற்கு முன்னர் அதுவும் அவர் காதுக்கு வெறும் இரைச்சல்தான்.

படத்திற் குறையே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் நீளம். அரை மணியை வெட்டியிருந்தால் யாரும் அழுதிருக்க மாட்டார். கதாநாயகியர் இருவர் எதற்கு என்பதும் விளங்கவில்லை.

ஆனால் கனதியான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. சட்டத்தைத் தன் கையில் எடுக்கும் பொலிஸ்காரனை இப்படம் தெய்வமாக்குகின்றது என்பதே அது. 2020 யூனில், இதே தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் பொலிஸ் காவலில் வதைக்கப்பட்டு மாண்டனர். பொலிசாரைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்தமைக்காக வேதனையுறுவதாக அப்போது ஹரியே அறிக்கை விட்டார். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளைப் பறிகொடுத்த நம் மண்ணில் இக்குற்றச்சாட்டை அலட்சியம் செய்ய எவர்க்கும் உரிமையில்லை. இரைச்சலையும் நீளத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய விமரிசகர் இதனை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

எனினும் நம்மவர் துரைசிங்கத்துக்குக் கைதட்டுவது அவன் அடிக்கிறான் என்பதற்காக மட்டுமா? அவன் தமிழில் முறைப்பாடு கேட்கிறான். தமிழிலேயே விடை சொல்கிறான். முறைப்பாட்டாளர் தாம் விரும்பும் மொழியில் வாக்குமூலம் பதியவும், பொலிஸ் நிலையங்களில் இருமொழி அறிந்த அலுவலர் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கவும் வேண்டுமென்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் விதந்துரைத்தது. அரசாங்கமே நியமித்த ஆணைக்குழு இவ்வாறு எழுத நேர்ந்ததென்றால், அக்காலத்தில் தன் மாடு களவு போனதை வேற்று மொழியில் எழுதக் கண்டு, விளங்காமலே கையெழுத்திட்ட கமக்காரனின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவன் திரையிற் கண்டது கற்பனைதான். தோட்டா பறப்பது மட்டுமன்று, தன் மொழி விளங்கும் காக்கிச் சட்டையுங்கூட அவனுக்குக் கற்பனையே. அந்த இன்பத்தை அறிவீனம் என்று ஏளனஞ் செய்வதைத்தான் நான் மறுக்கின்றேன்.

2017இல் வந்த மூன்றாம் படத்துக்கும் இவ்வழக்கை நீட்டுமாறு என்னைக் கேட்க வேண்டா. அதற்குள் மக்களுக்குத் தர வேண்டிய கடன் எதுவும் மிச்சமிருக்கவில்லை.