ஊரில் எழும் வீடுகளை ஊரே தீர்மானிக்க வேண்டும்
கிராம ஊராட்சிகளில் புதிய மனைப்பிரிவுகள் குறித்த எமது நிலைப்பாடு

தமிழ்நாட்டின் கிராமங்களில் விளைநிலங்கள் நாள்தோறும் மனைகளாகப் பிரிக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. அம்மனைப்பிரிவுகளை எந்த நியாயத்தைக் கொண்டு அனுமதிப்பது, எதைக் கொண்டு மறுப்பது, அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருடையது என்ற கேள்விகள், நிலம் வாங்குவோரும் விற்போரும் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளும் வியாபார விஷயங்கள் அல்ல. ஒரு கிராமத்தின் குடிநீர், பாசனம், ஜீவனம், நாளை அங்கே பிறக்கப்போகும் குழந்தைகளின் இருப்பிடம் ஆகிய அனைத்தும் அவற்றின் விடையைப் பொறுத்தே அமைகின்றன. ஏரிப் பாசன விவசாயிகளும், விவசாயத் தொழிலாளர்களும், ஊராட்சி மன்றங்களில் பணியாற்றியவர்களும் அங்கம் வகிக்கும் எமது சங்கம், உறுப்பினர்களின் முறையீடுகளைச் சீர்தூக்கிப் பார்த்து, பொதுக்குழுவில் விவாதித்து எய்திய முடிவை இவ்வறிக்கையின் மூலம் பொதுமக்கள் முன் வைக்கிறது.

எமது நிலைப்பாட்டை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கிராமத்தில் புதிய வீடுகள் எழுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. குடும்பங்கள் பெருகும்போது வீடுகளும் பெருகத்தான் வேண்டும், வெளியூரிலிருந்து குடியேற விரும்புவோருக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் ஓர் ஊரின் நீரோட்டத்தையும் நிலத்தின் தன்மையையும் சாசுவதமாக மாற்றிவிடக்கூடிய எந்த மனைப்பிரிவும், அவ்வூரின் கிராம சபையில் வரைபடத்தோடு வைக்கப்பட்டு, பகிரங்கமாக விவாதிக்கப்பட்டு, எழுத்தில் பதிந்த காரணங்களோடு கூடிய தீர்மானத்தால் ஏற்கப்படாமல், தொழில்நுட்ப அனுமதி ஒன்றின் பலத்தால் மட்டும் நடைமுறைக்கு வருதல் கூடாது என்பதே எமது உறுதியான கொள்கை.

இக்கொள்கைக்கு நாங்கள் வந்து சேர்ந்த வழி, கடந்த காலத்தின் கசப்பான அனுபவம் காட்டிய வழியாகும். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதிலும், நெடுங்காலம் கிராமங்களில் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரால், ஊராட்சித் தலைவரின் கையெழுத்தையும் முத்திரையையும் மட்டுமே தாங்கிய வரைபடங்களைக் காட்டி, அகலமான தெருவோ, வடிகாலோ, பொது இடமோ இல்லாத மனைகள் எளிய மக்களின் தலையில் கட்டப்பட்டன. இந்நிலை எல்லை கடந்தபோது, அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9ஆம் தேதி தடை விதித்தது. அதன் பின் 2017இல் வந்த விதிகள், 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன்பு பிரிக்கப்பட்ட மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த வகை செய்தன. வாழ்நாள் சேமிப்பை ஒரு மனையில் முடக்கியிருந்த குடும்பங்களுக்கு அது அவசியமான நிவாரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், கட்டணம் செலுத்தியதும் மனை சட்டத்துக்குள் வந்துவிடுகிறதேயன்றி, மூடப்பட்ட வாய்க்கால் வயலுக்குத் திரும்பி வருவதில்லை. தலைவர் ஒருவரின் கையெழுத்து ஊரின் சம்மதம் ஆகாது என்பதும், நிலம் மாறிய பிறகு செய்யப்படும் பரிகாரம் நிலத்துக்குப் பரிகாரம் ஆகாது என்பதும் அக்காலம் நமக்குக் கற்பித்த பாடங்கள்.

இன்று நிலைமை ஓரளவு சீர்பட்டிருக்கிறது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப அனுமதி இல்லாமல் புதிய மனைப்பிரிவு எழ இயலாது. தெருக்களின் அகலம் விதிக்கப்பட்டிருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், தெருக்கள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்கப்பட்டு, தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இவை யாவும் நல்ல விதிகளே. ஆயினும் இவ்விதிகள் மனைப்பிரிவின் நான்கு எல்லைகளுக்குள் உள்ளவற்றையே பெரிதும் நோக்குகின்றன. அந்த நிலத்தைக் கடந்து எந்த வயலுக்கு எந்த மடையின் நீர் போய்க்கொண்டிருந்தது, மேட்டு நிலத்தின் மழைநீர் எந்தச் சரிவில் இறங்கி ஏரியை அடைந்தது, ஊரின் ஆழ்துளைக் கிணறு கோடையில் எத்தனை வீடுகளுக்கு மேல் தாங்காது என்ற கேள்விகளுக்கு மாவட்டத் தலைநகரின் அலுவலகத்தில் விடை கிடைப்பது அரிது. அவ்வூரின் நீர்க்கட்டிக்கும், கடைமடை விவசாயிக்கும், தண்ணீர்க் குடத்தோடு காத்து நிற்கும் பெண்களுக்கும் அந்த விடைகள் பிரத்தியட்சமாகத் தெரியும்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அவற்றுள் 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடைய சிற்றேரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பராமரிப்பில் உள்ளன. ஏரி என்பது கரைக்குள் நிற்கும் நீர் மட்டுமன்று. நீர் வந்து சேரும் வரத்து வாய்க்கால், மிகைநீர் வழிந்தோடும் கலங்கல், மடையிலிருந்து கிளைக்கும் வயல் வாய்க்கால், அவை நனைக்கும் ஆயக்கட்டு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஏரி. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டிருந்தாலும், பட்டா நிலங்களின் வரப்போரமாக ஓடும் சிறு வாய்க்கால்களைக் காக்க அது போதவில்லை. தலைமடையில் உள்ள சில ஏக்கர்கள் விலைபோய், அவற்றின்மீது கிராவல் கொட்டி மேடாக்கப்படும்போது, கீழே உள்ள வயல்களுக்கு நீர் வரும் வழி அடைபட்டுப் போகிறது. இரண்டு மூன்று போகங்கள் தரிசாகக் கிடந்த அவ்வயல்களை, இனி விவசாயத்துக்கு உதவாத நிலம் என்று சொல்லி அடுத்த மனைப்பிரிவுக்குக் கேட்பது எளிதாகிவிடுகிறது. இவ்வாறு முதல் அனுமதியே பின்வரும் அனுமதிகளுக்கெல்லாம் காரணமாகிவிடுவதால், அதைத் தீர விசாரித்தே வழங்க வேண்டும் என்கிறோம். நீர்வழிகளை மறந்து குடியிருப்புகளைப் பெருக்கியதன் பலனை 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும் அதன் புறத்தே உள்ள ஊர்களும் அனுபவித்ததை நாடு மறந்திருக்க முடியாது.

காவிரிப் படுகையைப் பொறுத்தவரை, 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், இயற்கை எரிவாயு எடுத்தல், உருக்காலை, தோல் பதனிடுதல் போன்ற தொழில்களைத் தடுக்கிறது. மனைப்பிரிவுகள் அத்தடைப் பட்டியலில் இல்லை. ஆகவே, ஆலைகளிடமிருந்து காக்கப்பட்ட நஞ்சை மனைக்கற்களிடமிருந்து காக்கப்படவில்லை என்பதை வருத்தத்தோடு சுட்டிக்காட்டுகிறோம்.

மற்றொரு நியாயம், வீடு யாருக்காக என்பது. கிராமங்களில் உருவாகும் மனைகளில் பல, குடியேறுவதற்கென்று அன்றி, விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வெளியூரார் வாங்கிப் போட்டுவைக்கும் முதலீடாகவே இருந்து, சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. அதே ஊரின் காலனியில், ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பெயரில் உள்ள அதே 1971ஆம் ஆண்டுதான், விவசாயத் தொழிலாளர்கள் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கிய குடியிருப்புச் சட்டத்தின் பெயரிலும் உள்ளது; ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்காக நிலம் எடுக்கும் சட்டம் 1978இல் வந்தது. அச்சட்டங்களின் உயர்ந்த நோக்கம் இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. நிலமற்றோருக்கு மனை தேடும்போது ஊரில் இடமே இல்லை என்று சொல்லும் நிர்வாகம், விற்பனைக்கான மனைகளுக்கு ஏக்கர் ஏக்கராக அனுமதி வழங்குவது தர்மத்துக்குப் பொருந்தாது.

தீர்மானிக்கும் அதிகாரம் ஊருக்கே உரியது என்று நாங்கள் கூறுவது புதிதாகக் கேட்கும் சலுகை அன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் என்ற ஒரு குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த செய்தியை நமக்கு அறிவிக்கின்றன. நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே அச்சபையில் இடம் இருந்தது. பெண்களுக்கும் உழைப்பாளருக்கும் இடமில்லை. அக்குறையை நீக்கி, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரையும் கிராம சபையின் உறுப்பினராக்கியது அரசியல் சாசனத்தின் 73ஆவது திருத்தம். சிறுபாசனம், நீர் மேலாண்மை, குடிநீர், கிராமப்புற வீட்டுவசதி ஆகியவை 11ஆவது அட்டவணையின் 29 விஷயங்களில் அடங்கியிருக்க, அவற்றையெல்லாம் ஒருங்கே பாதிக்கும் மனைப்பிரிவுத் தீர்மானத்தில் மட்டும் கிராம சபை மௌனமாக இருக்க வேண்டும் என்பது சாசனத்தின் ஆன்மாவுக்கே முரணானது.

இங்கே மிகுந்த கவலையோடு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 2016 அக்டோபரில் பதவிக் காலம் முடிந்த ஊராட்சி மன்றங்களுக்கு 2019 டிசம்பர் வரை தேர்தல் நடைபெறவில்லை. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களின் பொறுப்புக்குச் சென்றன. தனி அலுவலர்கள் அன்றாட நிர்வாகத்தை நேர்மையோடு நடத்தக்கூடும். ஆனால் ஊரின் நில அமைப்பை மாற்றும் முடிவு அன்றாட நிர்வாகம் அன்று. மக்களின் பிரதிநிதிகள் இல்லாத காலத்தில் அத்தகைய முடிவுகள் எடுக்கப்படலாகாது.

எமது கருத்துக்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களையும் நாங்கள் ஆழ்ந்து சிந்தித்திருக்கிறோம். தன் நிலத்தை விற்கும் உரிமை விவசாயிக்கு இல்லையா என்று கேட்கிறார்கள். உண்டு. விளைச்சலுக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காமல், மகளின் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ நிலத்தை விற்கும் விவசாயியின்மேல் குற்றம் சாட்ட யாருக்கும் யோக்கியதை இல்லை. ஆனால் நிலத்தை விற்பது வேறு, அதன் உபயோகத்தை மாற்றுவது வேறு. பின்னது அண்டை வயல்காரரின் உரிமையையும் தொடுவதால், அவருடைய குரலும் கேட்கப்பட வேண்டும்.

கிராம சபையில் பெரும்பான்மையினர் கூடி, தாழ்த்தப்பட்ட மக்களுக்கோ பிற மதத்தினருக்கோ வீடு அமையாதபடி தடுத்துவிடுவார்களே என்பது இதனினும் கனமான ஆட்சேபம். நம் கிராமங்களின் சரித்திரத்தை அறிந்தவர்கள் இதை அலட்சியம் செய்ய முடியாது. ஆகையால், குடியேறப்போகிறவர் யார் என்பதைக் காரணமாகக் கொண்டு எந்த விண்ணப்பத்தையும் மறுக்கக் கூடாது என்பதையும், நிலமற்றோருக்கான அரசின் வீட்டுமனைத் திட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் கிராம சபைக்குக் கிடையாது என்பதையும் எமது நிலைப்பாட்டின் பிரிக்க முடியாத பகுதியாக அறிவிக்கிறோம். நீர், வடிகால், பாதை, விளைநிலம் ஆகியவை பற்றிய காரணங்கள் மட்டுமே செல்லுபடியாக வேண்டும். அவற்றின்மீது மேல்முறையீடும் இருக்க வேண்டும்.

இம்முறை நடைமுறைக்கு ஒவ்வாதது என்போருக்குக் கேரளத்தைக் காட்டுகிறோம். அங்கே 2008ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம், ஊராட்சித் தலைவரைத் தலைவராகவும் வேளாண் அலுவலரை அமைப்பாளராகவும் கொண்டு, விவசாயிகளின் பிரதிநிதிகளும் இடம்பெறும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவை ஏற்படுத்தியது. வேறு இடமில்லாத உரிமையாளர் தம் குடும்பத்துக்கு வீடு கட்டிக்கொள்ள, ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை வழியும் விட்டது. பிற்காலத் திருத்தங்கள் அச்சட்டத்தைத் தளர்த்தியபோதிலும், வயலைக் காப்பதும் வீடற்றவருக்கு இடம் அளிப்பதும் ஒரே சட்டத்தில் பொருந்தும் என்பதற்கு அது தக்க சான்று.

ஆகவே எமது சங்கம் பின்வருவனவற்றைக் கோருகிறது:

1. ஒரு குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட மனைப்பிரிவு விண்ணப்பங்கள் அனைத்தும், தொழில்நுட்ப அனுமதிக்கு முன்பே, புல எண்களும் நீர்வழிகளும் குறிக்கப்பட்ட வரைபடத்தோடு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட்டு, கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். அதன் காரணம் கூறிய தீர்மானம் அலுவலர்களைக் கட்டுப்படுத்த வேண்டும்.

2. ஒவ்வொரு ஊராட்சியும் தன் எல்லைக்குள் உள்ள ஏரி, குளம், வரத்து வாய்க்கால், வயல் வாய்க்கால், ஆயக்கட்டு நஞ்சை ஆகியவற்றின் பதிவேட்டைத் தயாரித்து வெளியிட அரசு நிதியும் நில அளவையர்களும் தர வேண்டும். பட்டா நிலத்தின் வழியே செல்லும் வாய்க்காலுக்கும் அப்பதிவேடு பாதுகாப்பு அளிக்க வேண்டும்.

3. பெரிய மனைப்பிரிவுகளில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கென ஒதுக்கப்படும் மனைகளை வாங்கும் முதல் உரிமை, அவ்வூரின் மனையற்ற குடும்பங்களுக்கு, அவர்களால் இயன்ற விலையில் கிடைக்க வேண்டும்.

4. தெருக்களையும் விளக்குகளையும் குடிநீரையும் ஊராட்சி ஏற்றுப் பராமரிக்க வேண்டியிருப்பதால், வீடுகள் எழுந்து வீட்டு வரி வரும் வரையிலான செலவுக்குரிய வைப்புத்தொகையை மனை விற்போர் செலுத்த வேண்டும்.

5. ஊராட்சி மன்றத் தேர்தல்கள் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தவறாமல் நடைபெற வேண்டும். தனி அலுவலர் காலத்தில் ஆயக்கட்டு நஞ்சையில் புதிய மனைப்பிரிவு அனுமதி கூடாது.

6. சொந்தக் குடும்பத்துக்காகக் கட்டும் சிறு வீடுகளுக்கு இத்தடைகள் எதுவும் பொருந்தக் கூடாது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சுயசான்று முறையை நாங்கள் மனமார வரவேற்கிறோம்.

இக்கோரிக்கைகள் சட்டமாகும் வரை கிராம மக்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில், தத்தம் ஊரின் நீர்வழிகளைப் பட்டியலிட்டுத் தீர்மானம் நிறைவேற்றவும், நிலுவையில் உள்ள மனைப்பிரிவு விண்ணப்பங்களின் விவரத்தைக் கேட்டுப் பெறவும் ஒவ்வொரு வாக்காளருக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்துமாறு கிராம மக்களை, முக்கியமாகப் பெண்களையும் நிலமற்ற தொழிலாளர்களையும், இச்சங்கம் அழைக்கிறது; தீர்மானங்களை வரைவதிலும் வரைபடங்களைப் படித்தறிவதிலும் எமது உறுப்பினர்கள் துணை நிற்பார்கள் என்று உறுதி கூறுகிறோம். ஊராட்சி மன்றத்துக்கு வருங்காலத்தில் போட்டியிடும் வேட்பாளர்கள், இந்நிலைப்பாட்டை ஏற்கிறார்களா மறுக்கிறார்களா என்பதை வாக்குக் கேட்கும் முன்பே ஊரறியச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.