பட்டனைத் தட்டினா காப்பி... எந்தப் பட்டன்?

எஸ்பிரஸ்ஸோ காப்பின்னா எங்க புதுக்கோட்டைப் பக்கம் ரொம்ப நாளைக்கு ஒரே அர்த்தம்தான். கல்யாண மண்டபத்து வாசல்ல பளபளன்னு ஒரு மெஷின் நிக்கும். இன்ஸ்டன்ட் தூள், சர்க்கரை, பால் எல்லாத்தையும் போட்டு ஆவிக் குழாயை உள்ள விட்டு ‘புஸ்ஸ்ஸ்’னு ஒரு சத்தம். நுரை பொங்கினதும் மேல கொஞ்சம் சாக்லேட் தூள். தாலி கட்டறதைப் பாக்காம அந்த க்யூவுல ரெண்டு தடவை நின்னவங்க எல்லாம் கை தூக்குங்க. (நான் ரெண்டு கையையும் தூக்கிட்டேன்.)

இத்தாலிக்காரன் பார்த்தா மயக்கம் போட்டு விழுவான்னு கிண்டல் பண்ணுவாங்க. ஆனா 1901ல மிலான் நகரத்துல லூயிஜி பெஸ்ஸேரா காப்புரிமை வாங்கின மெஷினும் ஆவி அழுத்தத்துலதான் ஓடிச்சு. இன்னைக்கு எல்லாரும் சொல்ற 9 பார் அழுத்தம், மேல மிதக்கற அந்தப் பழுப்பு நுரை, இதெல்லாம் 1940களோட கடைசியில அக்கில்லே காஜியாவோட நெம்புகோல் மெஷின் வந்த பிறகுதான். அதனால மண்டபத்து மெஷினை ரொம்பக் கேவலப்படுத்தாதீங்க, பாவம்.

சரி, மேட்டருக்கு வருவோம். அறந்தாங்கி நண்பர் ஒருத்தர், சிங்கப்பூர்ல பதினஞ்சு வருஷம் இருந்துட்டு ஊரோட வந்துட்டார். “மாப்ள, ஃபுல் ஆட்டோமேட்டிக் காப்பி மெஷின் ஒண்ணு வாங்கணும், எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு”ன்னார். ஆபீஸ் மெஷின்ல குடிச்ச பழக்கம்னு நினைச்சேன். அது இல்லையாம். அவங்க அப்பா காலையில நாலரைக்கே எழுந்திருக்கறவர். இப்ப கை நடுக்கம் வந்துடுச்சு, ஃபில்டர்ல வெந்நி ஊத்த விடறதில்லை. யாராவது எழுந்து வர்ற வரைக்கும் இருட்டுல திண்ணையில உக்காந்திருக்காராம். “அவரே ஒரு பட்டனைத் தட்டிக் குடிச்சுக்கணும்டா, அவ்வளவுதான்”ன்னார்.

இதைக் கேட்ட பிறகு, ‘பித்தளை ஃபில்டருக்கு ஈடாகுமா’ன்னு வழக்கமா நான் பாடற பாட்டைப் பாட மனசு வரலை. நாப்பது அம்பதாயிரத்துல ஆரம்பிச்சு லட்சத்தைத் தாண்டிப் போற சமாசாரம் வேற. உக்காந்து யோசிச்சேன்.

கடைக்காரங்க ஆட்டோமேட்டிக்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறாங்க. அதுக்குள்ள இருக்கறது நாலஞ்சு தனித்தனி வேலை. கொட்டையை அரைக்கறது, அளந்து அமுக்கறது, தண்ணியை 90 டிகிரிக்கு மேல ஒரே சூட்டுல வச்சுக்கறது, சரியான அளவுல நிறுத்தறது, கடைசியா பாலைச் சூடாக்கி நுரைக்க வைக்கறது. இது ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா நம்ம காசு போகுது. நம்ம வீட்டுக்கு இதுல எது வேணும்னு யாரும் கேக்கறதில்லை. என் கட்சி என்னன்னா, முதல் நாலுக்குக் காசு கொடுக்கலாம், அஞ்சாவதுக்குக் கொடுக்காதீங்க.

ஏன்னு சொல்றேன். அந்தப் பால் டப்பாவும் குழாயும் ஃப்ரிட்ஜ்ல இருந்து ஜில்லுனு எடுத்து ஊத்தற பாக்கெட் பாலுக்காகச் செஞ்சது. நம்ம வீட்டுல பால்காரர் பாலு. காய்ச்சி, ஆடை கட்டி, மூடி வச்சது. அந்த ஆடையில ஒரு துணுக்கு போதும், குழாய் அடைச்சுக்கும். அடைக்கலைன்னாலும், எங்க ஊர் சித்திரை வெயில்ல பால் போன குழாயை அரை நாள் கழுவாம விட்டுப் பாருங்க, மூக்கே சொல்லிடும். பட்டனைத் தட்டறது அப்பாவா இருக்கலாம், தினமும் அந்தக் குழாயைக் கழட்டிக் கழுவப் போறது யாரு? நண்பரோட தங்கமணியைக் கேட்டீங்களான்னேன். ஆளு கப்சிப்.

இன்னொண்ணு சூடு. இந்த மெஷினுங்க பாலை 60, 65 டிகிரி வாக்குல நிறுத்திடும். அவங்க ருசிக்கு அதுதான் சரி. நம்ம பெருசுங்களுக்கு டவராவைத் தொட்டா விரல் சுடணும், ஆத்தி ஆத்திக் குடிக்கணும். மெஷின் பாலைக் கொடுத்தா “என்னடா, ஆறினதைக் கொண்டாந்து வைக்கிறே”ன்னுதான் பதில் வரும். ஆக, மெஷின்லயே விலை கூடுன உறுப்புதான் நம்ம சமையக்கட்டுக்கு ஒட்டாதது.

தூள் விஷயத்துலயும் உஷாரா இருக்கணும். நாம குடிச்சுப் பழகினது சிக்கரி கலந்தது. காப்பி-சிக்கரி கலவைன்னு விக்கணும்னா அதுல காப்பி 51 சதவீதமாவது இருக்கணும்ங்கறது சட்டம். அதாவது 49 வரைக்கும் சிக்கரி போகலாம்! ஃபில்டர்ல அது பொறுமையா சொட்டுச் சொட்டா இறங்கிடும். எஸ்பிரஸ்ஸோவுல 18 கிராம் தூள்ல இருந்து 36 கிராம் காப்பி, 25-30 செகண்டுல வந்தாகணும். சிக்கரி ஈரம் பட்டா பசை மாதிரி ஆகிடும், மெஷின் முக்கும் முனகும். அதனால சிக்கரிக்கு டாட்டா சொல்ல மனசு இருக்கான்னு முதல்ல அப்பாவைக் கேட்டுக்கணும்.

மனசு இருந்தா நல்ல வழி இருக்கு. இந்தியாவுல விளையற காப்பியில சுமார் 70 சதவீதம் ரொபஸ்டா. நம்மகிட்ட அதிகமா காப்பி வாங்கற நாடுகள்ல இத்தாலிக்குத்தான் முதல் இடம். அங்க எஸ்பிரஸ்ஸோ கலவையில இது சேருது. அப்புறம் நாம எதுக்கு வெளிநாட்டு டப்பாவைத் தேடணும்? குடகு, சிக்மகளூர்ல இருந்து வறுத்த கொட்டை கூரியர்ல வருது. பீபரியோட கொஞ்சம் ரொபஸ்டா சேர்த்தா நம்ம நாக்குக்குப் பழகின அந்தக் கனம் கிடைக்கும். ஒண்ணு மட்டும் கவனம், எண்ணெய் வழியற அளவுக்குக் கருக வறுத்தது வேண்டாம், உள்ள இருக்கற அரவையில ஒட்டிக்கும்.

இனி, கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டைப் பாக்கணும். இந்த மெஷினுங்க சுமார் 1,450 வாட்ஸ் இழுக்கும். மிக்ஸி பிளக்குல சொருகாம 15 ஆம்ப்ஸ் பாயிண்ட் போட்டுக்குங்க. ஃபேனும் லைட்டும் ஓட்டற இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. கரண்ட் இல்லாட்டி அன்னைக்குக் காப்பி இல்லை. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப ஆலங்குடி, அறந்தாங்கி பக்கத்து கிராமங்கள்ல வாரக்கணக்கா கரண்ட் வரலையே, மறந்துடுச்சா? பித்தளை ஃபில்டரைப் பரண்ல போட்டாலும் பழைய பாத்திரக்காரன்கிட்ட போட்டுறாதீங்க.

தண்ணி அதைவிட முக்கியம். எங்க வீட்டு போர் தண்ணியில வாட்டர் ஹீட்டர் காயில் ஆறே மாசத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆகிடும். மெஷினுக்குள்ள ஓடறது அதைவிட மெல்லிசான குழாய். அதுக்காக சுத்த ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்தினா உப்பே இல்லாம காப்பி சப்புன்னு இருக்கும். கொஞ்சம் குழாய்த் தண்ணி கலந்து ஊத்தறதும், மெஷின் கேக்கறப்ப உப்பு நீக்கற மருந்து விடறதும்தான் வழி. சர்வீஸ்னு ஒண்ணு வந்தா திருச்சியா சென்னையான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. அதனாலதான் காப்பி இறங்கற உள்பகுதியைக் கையால கழட்டி, குழாயடியில கழுவ முடியற மாடல்தான் வேணும்ங்கறேன். டெலாங்கி, பிலிப்ஸ் மெஷின்கள்ல கழட்டலாம். ஜூரால கழட்ட முடியாது. ஜூரா மட்டமான சாமான் இல்லை, நம்ம ஊர் தூரத்துக்கு ஒத்துவராது, அவ்வளவுதான்.

எல்லாம் சரி, பாலுக்கு அப்பா என்ன பண்ணுவார்? கேஸ் பத்த வைக்க விடலைன்னா என் வாதமே படுத்துடுமே! அதுக்கும் வழி இருக்கு. நண்பர் வீட்டுல மைக்ரோவேவ் சும்மாதான் தூங்குது. ராத்திரியே ஆடை எடுத்த பாலை ஒரு பீங்கான் கப்புல அளவா ஊத்தி, மூடி, ஃப்ரிட்ஜ்ல வச்சுடணும். காலையில மைக்ரோவேவ்ல ஒரு பட்டன், அதே கப்பை மெஷினுக்குக் கீழ வச்சு இன்னொரு பட்டன். ஊத்தற வேலையே இல்லை. பாலும் அவர் கேக்கற சூட்டுல இருக்கும். பழக்கதோஷத்துல எவர்சில்வர் டம்ளரை மைக்ரோவேவ் உள்ள வச்சுடாம மட்டும் சொல்லி வைக்கணும். டவரா இல்லையேன்னு ரெண்டு நாள் சத்தியாகிரகம் நடக்கலாம்.

இதே ஒரு கை தெம்பா இருக்கறவங்க, நாப்பது வயசுக்காரங்க கேட்டிருந்தா ஃபுல் ஆட்டோமேட்டிக் பக்கமே போக விட்டிருக்க மாட்டேன். சூட்டைச் சரியா வச்சுக்கற செமி ஆட்டோமேட்டிக் ஒண்ணு, மிச்சக் காசுக்கு நல்ல அரவை மெஷின் ஒண்ணு. அரவை மோசமா இருந்தா மத்ததெல்லாம் எவ்வளவு ஒழுங்கா நடந்தாலும் கசப்புத்தண்ணிதான்.

மாடல் பேரு இன்னும் முடிவாகலை. அடுத்த வாரம் திருச்சிக்குப் போறோம், அப்பாவையும் கூட்டிக்கிட்டு. அந்தப் பீங்கான் கப்பையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். காப்பி கொட்டற மூக்குக்குக் கீழ அது நுழையுதான்னு அவர் கையாலயே வச்சுப் பாக்கணும். கடைக்காரர் ஒரு மாதிரியா பாப்பார், பாக்கட்டும்.