பூனைக்கு ஊசி போடும் முன்



பூனைக்கு மாத்திரை கொடுப்பது எட்டாம் வகுப்பைக் கடைசிப் பீரியடில் அமைதியாக உட்காரவைப்பதைவிடக் கடினம். அதனால் ‘ஒரே ஊசி, 14 நாளைக்குக் கவலையில்லை’ என்றதும் தலையாட்டிவிடுகிறோம். செஃபோவெசின் என்ற ஆன்டிபயாட்டிக் அப்படிப்பட்டது. நல்ல மருந்துதான். ஆனால் ஒத்துக்கொள்ளாத மாத்திரையை மறுவேளை நிறுத்தலாம். உள்ளே போன ஊசியை நிறுத்த முடியாது. பூனை உடம்பில் அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள், அநேகமாக முழுதும் வெளியேற 65 நாள். வாந்தி, வயிற்றுப்போக்கு, தீனி எடுக்காமை வரலாம்; அபூர்வமாக மூச்சே திணறும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாத பூனைக்குக் கூடவே கூடாது.

‘மாத்திரை போதாதா டாக்டர்?’ என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஊசி போட்டதும் வண்டியைக் கிளப்பாமல் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். நம் புதுக்கோட்டைக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். சந்தேகமிருந்தால் அங்கே காட்டலாம்.