பாட்டிமாரை மறைக்கும் வம்சக் கணக்கு

சிறிது உமிழ்நீரைக் குப்பியில் அனுப்பினால், உங்கள் மூதாதையர் யார் என்று சொல்லும் டிஎன்ஏ சோதனைகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. வரும் முடிவைப் பார்த்து "நாங்கள் இன்ன வம்சம்" என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. கொலம்பியாவின் அந்தியோக்கியா மாநிலத்து மக்களே அதற்குச் சான்று.

16ஆம் நூற்றாண்டில் தங்கம் தேடி ஸ்பானியர்கள் அந்த மலைநாட்டுக்கு வந்தார்கள். அங்குள்ள மக்கள் இன்று பேசுவது ஸ்பானிய மொழி. பெயர்களும் ஸ்பானியப் பெயர்களே. ஆகவே அவர்கள் ஐரோப்பிய வழிவந்தவர்கள் என்று எளிதில் சொல்லிவிடத் தோன்றும்.

2000ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு ஒன்று வேறு கதையைச் சொன்னது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும். அதில் சுமார் 94 விழுக்காடு ஐரோப்பிய வழி. மைட்டோகாண்டிரியா டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். அதில் சுமார் 90 விழுக்காடு பழங்குடியினர் வழி!

காரணம் என்ன? கடல் கடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் பிள்ளைகளுக்குத் தாயானவர்கள் பழங்குடிப் பெண்கள். படையெடுப்புக் காலத்தில் அப்பெண்களில் எத்தனை பேருக்கு விருப்பம் கேட்கப்பட்டிருக்கும்? அவர்களின் மகள்கள், பின்னர் வந்த ஐரோப்பிய ஆண்களை மணந்தார்கள். தலைமுறைதோறும் மற்ற மரபணுக்களில் ஐரோப்பியப் பங்கு கூடியது. தாய்வழித் தடம் மட்டும் மாறவில்லை. சுரங்கங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தடமும் இரண்டு வழிகளிலும் சிறிதளவு உண்டு.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஒய் குரோமோசோம் காட்டுவது அதில் ஒரே ஒருவரை. அந்தியோக்கியாவில் அதை மட்டும் சோதித்திருந்தால், பாட்டிமார் அனைவரும் கணக்கிலிருந்தே மறைந்திருப்பார்கள்.

ஆனால் உணவுத் தட்டில் அவர்கள் மறையவில்லை. அந்தியோக்கியர்கள் அன்றாடம் உண்ணும் 'அரேப்பா' என்னும் சோள அடை, ஸ்பானியர் வருகைக்கு முன்பே அம்மண்ணில் வேரூன்றிய உணவு. எந்த டிஎன்ஏ அறிக்கையிலும் அது இடம்பெறாது. பண்பாடு கைப்பக்குவமாக, பேச்சாக, பழக்கமாக வருவது.

எனவே, யாராவது உங்களிடம் வம்ச விழுக்காட்டைக் காட்டினால், "இது யார் வழிக் கணக்கு? இதில் விடுபட்டவர்கள் யார்?" என்று கேளுங்கள். அறிவியல் படித்ததன் பயன் அந்தக் கேள்விதான்.