தவணை தவறியவருக்கு ஒரு சொல்

தமிழ் கற்பிப்போரிடம் பிற துறை மாணவர் கேட்கும் உதவிகளுள் கலைச்சொல் தேடித் தருவதும் ஒன்று. கணினித்துறை மாணவர் மூவர் அப்படித்தான் நம்மிடம் வந்தனர். நண்பர்கள் கூடிச் சீட்டுக் கட்டுவதற்கான கைப்பேசிச் செயலி ஒன்றை அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தனர். தவணை, குலுக்கல், ஏலம் எல்லாவற்றுக்கும் சொல் இருந்தது. ‘டிஃபால்ட்டர்’ என்பதற்கு மட்டும் இல்லை. ‘தவறியவர்’ என்று எழுதிக் கொடுத்தோம். அது பிழை என்பதைப் பெருமாள்மலையில் உணர்ந்தோம்.

வத்தலக்குண்டிலிருந்தும் பழனியிலிருந்தும் ஏறிவரும் சாலைகள் கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே சந்திக்கும் ஊர் பெருமாள்மலை. அம்மாணவருள் ஒருவருக்குச் சொந்த ஊரும் அதுவே. அங்கே பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆயிரம் ரூபாய்ச் சீட்டுக் கட்டுகின்றனர். பிடிப்பவர் பலசரக்குக் கடை அக்கா. வாடகை வண்டி ஓட்டுபவர், காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர், பழக்கடை வைத்திருப்பவர் ஆகியோர் கட்டுபவர்கள். செயலியின் வெள்ளோட்டம் இவர்களிடையே நடந்தது. ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் தவணைத் தேதி கடந்ததும், ஓட்டுநரின் பெயர் பத்துப் பேர் கைப்பேசியிலும் சிவப்பெழுத்தில் வந்து நின்றது. மேலே நாம் தந்த சொல்.

“மழையில வண்டி ஓடலைன்னு ஊருக்கே தெரியும் தம்பி. அதைச் சிவப்புல வேற எழுதணுமா?” என்று அவர் மாணவரிடம் கேட்டார். அருகிலிருந்த நாம் வாய் திறக்கவில்லை.

அக்காவின் நோட்டைப் பிறகு பார்த்தோம். பணம் கட்டியவர் பெயருக்கு நேரே பேனாவில் ஒரு குறி. கட்டாதவருக்குப் பென்சிலில் ஒரு புள்ளி. பணம் வந்ததும் புள்ளியை அழித்துவிடுகிறார். யார் என்று எவர் கேட்டாலும் “வந்துரும்” என்பதே அவர் விடை. அந்தப் பென்சிலை மாணவர்கள் செயலியில் சேர்க்க மறந்துவிட்டனர். நாமும் மறந்தோம்.

சீட்டின் கணக்கு எளியது. பத்துப் பேர் ஆயிரம் கட்டினால் மாதம் பத்தாயிரம் சேரும். ஏலச்சீட்டில் அவசரமுள்ளவர் 1,500 தள்ளி எடுத்தால் அவருக்கு 8,500 கிடைக்கும். தள்ளிய தொகை, நடத்துபவரின் கழிவு இல்லாத சீட்டில், ஆளுக்கு 150 ஆகத் திரும்பும். முதலில் எடுப்பவர் கடன் வாங்குகிறார். கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார். இருவரையும் ஒரே பாயில் உட்கார வைப்பது நம்பிக்கை. சாவகத்தின் ‘அரிசான்’ போன்ற கூட்டுகளை ஆராய்ந்து மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1962இல் எழுதினார். ஆப்பிரிக்காவிலும் சீனத்திலும் இவை உண்டு. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் சீட்டுப் பிடிக்கின்றனர்.

‘வெளிப்படை இல்லாமற்போனால் சீட்டு மோசடியாகாதா?’ என மாணவர் கேட்டனர். நியாயமான கேள்வி. சேர்த்த பணத்தோடு சீட்டுப் பிடித்தவர் தலைமறைவான கதை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. ஆனால் அக்கதைகளில் ஓடியவர் பிடித்தவர். மழையில் ஒரு தவணை நின்ற ஓட்டுநர் அல்லர். ஆகவே வெளிச்சம் விழவேண்டிய இடம் வேறு. சேர்ந்த தொகை எவ்வளவு, எங்கே இருக்கிறது, யாருக்கு எப்போது கொடுக்கப்பட்டது என்பவை பத்துப் பேருக்கும் தெரியவேண்டும். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டமும் நடத்துபவரையே முதலில் கட்டுகிறது: முன் அனுமதி, பதிவு, குலுக்கலோ ஏலமோ நடக்கையில் குறைந்தது இரு சந்தாதாரர். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விருவரும் காணொளி வழியே இருக்கலாம் என்றது. இருக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிவின் அவசியத்தைச் செயலியின் முதற்பக்கமே சொல்லவேண்டும்.

கட்ட இயலாதவருக்கு நினைவூட்டல் போகட்டும். அவர் கைப்பேசிக்கு மட்டும் போகட்டும். பத்துப் பேர் கூட்டில் யார் கட்டவில்லை என்பது எப்படியும் கசியும் என்பார்கள். கசியட்டும். தெரிந்துகொள்வது வேறு, பறைசாற்றுவது வேறு. கடன்செயலிகள் சில வாங்கியவரின் தொடர்பு எண்களையெல்லாம் எடுத்து, உறவினருக்கும் நண்பருக்கும் அழைத்து அவமானப்படுத்தியதை நாடே கண்டது. அதன்பின் 2022 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, அத்தகைய செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடலாகாது என நெறிமுறை வகுத்தது. நண்பர்களுக்கென்று செய்யும் செயலி அந்த வழியில் ஓர் அடிகூட வைக்கலாகாது.

இன்னும் இரண்டு கேட்டோம். ஒன்று, தவணை பருவத்தோடு இசையவேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலா வண்டிக்கு ஓய்வில்லை, அடைமழையில் ஓட்டமில்லை. கோடையில் கூடுதலாகக் கட்டி மழையில் குறைத்துக்கொள்ள ஏன் வழி வைக்கக்கூடாது? மற்றொன்று, குலுக்கலில் பெயர் விழுந்தவர், “எனக்கு அவசரமில்லை, அவருக்குக் கொடுங்கள்” என்று முறையை மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான். கூடிச் சேமிப்பதன் பொருளே அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

இறுதியில் சொல்லையும் மாற்றினோம். ‘நிலுவை’ என்று இப்போது இருக்கிறது. தவறுவது ஆள், நிற்பது தொகை. மழை விட்டு வண்டி ஓடினால் தொகை வந்துசேரும். ஓட்டுநரிடம் காட்டியபோது அவர் பாராட்டவில்லை. “அக்கா நோட்டு மாதிரி இருக்கு” என்றார். மாணவர்கள் சற்று ஏமாந்தனர். நமக்கு அதுவே போதுமானதாக இருந்தது.